பிக்கப்ல போட் இழுக்கணுமா, முதல்ல எடையப் பாருங்க

மிட் சைஸ் பிக்கப்ல 3,500 கிலோ இழுக்கும்னு போட்டிருந்தா அது போட் எடை மட்டும் இல்லீங்க, ட்ரெய்லர், போட்டோட இஞ்சின், அதோட டேங்க்ல இருக்கிற பெட்ரோல், உள்ள போட்ட சாமான் எல்லாம் சேர்த்துதான், அதனால லோடு ஏத்தினதுக்கப்புறம் ஒரு எடை மேடைல நிறுத்திப் பாத்துடுங்க.

மொத்த எடைல சுமார் 10% ஹிட்ச் (வண்டிக்குப் பின்னாடி ட்ரெய்லர மாட்டற இடம்) மேல அழுத்தணும். போட் ட்ரெய்லருக்குக் கொஞ்சம் கம்மியாவும் இருக்கலாம், ஆனா ரொம்பக் கம்மியானா ஸ்பீடுல ட்ரெய்லர் ஆட ஆரம்பிச்சிடும், அதுதான் ரொம்ப ஆபத்து. அந்த அழுத்தம் வண்டியோட பேலோடு, அதாவது வண்டி தன் மேல தாங்கற எடை, அந்தக் கணக்குலயும் வரும், இத நிறைய பேர் மறந்துடறாங்க.

ஆடிச்சுன்னா பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க, ஸ்டியரிங்க நேரா புடிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து மெதுவா கால எடுங்க, தனியா ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோல் இருந்தா அத மட்டும் லேசா போடுங்க.

சேஃப்டி செயின கப்ளருக்கு (ஹிட்ச்ல மாட்டற ட்ரெய்லர் முனை) கீழ குறுக்கா மாட்டுங்க, ஹிட்ச் கழண்டாலும் அந்த முனை ரோட்டுல குத்தாது.

ரேம்ப்ல (போட்ட தண்ணில இறக்கற சரிவு) இறக்கறதுக்கு முன்னாடி ட்ரெய்லர் லைட் வயர கழட்டிட்டு, வீல் பேரிங் ஆற கொஞ்ச நேரம் விடுங்க, சூடா இருக்கறப்போ தண்ணில இறக்கினா உள்ள தண்ணி இழுத்துக்கும்.