வளாகத்தில் பாலியல் வன்முறை: நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் தவறுகள்

மகளுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. இருட்டியபிறகு தனியா வெளிய போகாதே, கடைசி எம்ஆர்டி ரயில் வரைக்கும் காத்திருக்காதே, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ, உடுப்பைப் பார்த்துப் போடு. மகனுக்கு இடம் கிடைத்தால்? போர்வை, மேகி பாக்கெட், "ஒழுங்கா சாப்பிடுடா". அதோடு முடிந்தது.

ஆபத்து இருட்டில் நிற்கும், முகம் தெரியாத ஆளிடமிருந்து வரும் என்ற நினைப்பில் பிறந்த அறிவுரைகள் இவை. சிங்கப்பூரில் வெளியே தெரிந்த வளாகச் சம்பவங்களைப் பார்த்தால் அந்த நினைப்பு தேறாது. 2018 நவம்பரில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் குளித்துக்கொண்டிருந்த மாணவியைக் கைப்பேசியில் படமெடுத்தவர் அதே பல்கலைக்கழகத்து மாணவர். விளக்கும் இருந்தது, கண்காணிப்புக் கேமராவும் இருந்தது. அந்தப் பெண் எந்த அறிவுரையை மீறினார்? குளிக்கப் போனார், அவ்வளவுதான்.

படமெடுத்தவருக்கு ஒரு பருவ இடைநீக்கம் மட்டுமே என்று பல்கலைக்கழகம் முடித்துக்கொண்டது. காவல்துறை வழக்குப் போடாமல், நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை கொடுத்தது. 2019 ஏப்ரலில் அந்த மாணவி இன்ஸ்டகிராமில் எழுதியபிறகுதான் நாடு விழித்தது. தண்டனை போதவே போதாது என்று அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங்கே சொன்னார். முந்தைய மூன்று கல்வியாண்டுகளில் ஆறு பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் தொடர்பான 56 பாலியல் ஒழுங்கீனச் சம்பவங்கள் கையாளப்பட்டதும் அப்போதுதான் வெளியே வந்தது. அதன்பிறகு தேசியப் பல்கலைக்கழகத்தில் விதிகள் மாறின: கடுமையான குற்றங்களுக்குக் குறைந்தது ஓராண்டு இடைநீக்கம், மிகக் கடுமையானவற்றுக்கு வெளியேற்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிப் பராமரிப்புப் பிரிவு.

விதிகள் மாறியபின்னும் மாறாமல் இருப்பது நம் பழக்கங்கள். பாதிக்கப்படக்கூடியவரை எச்சரிப்பதோடு கடமை முடிந்தது என்று சுற்றியிருக்கிற நாம் நினைத்துக்கொள்கிறோம். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை சுற்றியிருப்பவர்களுடையவை.

மகனிடம் எதுவுமே பேசாமல் இருப்பது

"என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று சொல்லாத பெற்றோர் உண்டா? இருக்கட்டும், அப்படிப்பட்டவனாக இல்லாமலே இருக்கட்டும். ஆனால் அவனுடைய டெலிகிராமில் என்னென்ன வருகிறது, அறைத் தோழன் காட்டும் படத்தைப் பார்த்து அவன் சிரிக்கிறானா, வாயை மூடிக்கொள்கிறானா, "அழிடா அதை" என்கிறானா, இதெல்லாம் நமக்குத் தெரியுமா?

அவனுக்குத் தெரியவேண்டிய சட்டம் அதிகமில்லை. 2020 ஜனவரி 1 முதல் பிறரை ரகசியமாகப் பார்ப்பதும் படமெடுப்பதும் தனிக் குற்றம். ஈராண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி. மானபங்கத்துக்கு அதிகபட்சச் சிறைத்தண்டனை 2022 மார்ச்சிலிருந்து மூன்றாண்டு. அந்தரங்கப் படத்தைப் பரப்பினாலோ, பரப்புவேன் என்று மிரட்டினாலோ ஐந்தாண்டு வரை. செயலியில் முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படமும் இதில் அடங்கும்.

"படிக்கிற பையன், எதிர்காலம் பாழாகிவிடும்" என்ற வாதத்துக்கும் முன்போல மதிப்பில்லை. எம்ஆர்டி ரயிலில் பெண்ணை மானபங்கப்படுத்திய பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு 2019இல் 21 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே விதிக்கப்பட்டது. அவருடைய மதிப்பெண்களும் அப்போது பேசப்பட்டதில் மக்கள் கொதித்தார்கள். அரசுத்தரப்பு மேல்முறையீடு செய்ய, 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை இரண்டு வார சிறையாக மாற்றியது. நம் சமூகத்தில் நல்ல மார்க் என்பது எல்லாக் கதவையும் திறக்கும் சாவி என்ற நம்பிக்கை ரொம்ப ஆழமானது என்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

"அவள் வேண்டாம் என்று சொல்லவில்லையே"

பயத்தில் உடம்பு விறைத்து, வாய் வராமல் போவது சாதாரணமாக நடப்பது. எதிர்த்துப் போராடாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது வளாகத்தில் மிகப் பரவலான தவறு. அச்சத்தில் கொடுத்த சம்மதத்தையும், என்ன நடக்கிறது என்றே புரியாத அளவு போதையில் இருப்பவர் கொடுத்த சம்மதத்தையும் சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம் சம்மதமாகவே ஏற்பதில்லை. போன வாரம் ஒத்துக்கொண்டது இந்த வாரத்துக்குச் செல்லாது. காதலர்களுக்கும் இதே சட்டம்தான். கணவனுக்கு இருந்த விலக்கையே 2020இல் எடுத்துவிட்டார்கள்.

வாயைத் திறந்து கேட்டால் "மூட்" போய்விடும் என்கிறார்கள் சில தம்பிகள். போனால் போகட்டும்.

சீனியர் சொன்னால் சரி என்று விடுவது

2016 ஜூலையில் தேசியப் பல்கலைக்கழகத்தின் அறிமுக முகாம்களில் ஆபாச விளையாட்டுகள் நடப்பதாகச் செய்தி வந்து, மாணவர்கள் நடத்தும் அறிமுக நிகழ்ச்சிகளைப் பல்கலைக்கழகம் நிறுத்தி வைத்தது. அந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் பொல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. "எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது" என்று வாங்கியதை அப்படியே அடுத்த வருடத்துக்குக் கைமாற்றியவர்கள்.

நம் தமிழ் மாணவர் குழுக்களிலும் நாடக ஒத்திகை, நடனப் பயிற்சி என்று நள்ளிரவைத் தாண்டி வேலை நடக்கும். மூத்தவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறோம். அந்தப் பாசம் நல்லதுதான். ஆனால் முதலாண்டு மாணவி "அண்ணா, தோளில் கை போடாதீங்க" என்று சொல்ல எவ்வளவு தயங்குவாள் என்பதை மேடையும் பாத்திரமும் பங்கிட்டுக் கொடுக்கும் அந்த அண்ணன்தான் யோசிக்கவேண்டும். குழுத் தலைமைக்கு ஒன்று: விளையாட்டு எதுவானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். தனியறையில் இருவர் மட்டும் ஒத்திகை பார்க்கும் வழக்கத்தையும் எடுத்துவிடுங்கள்.

பார்த்துக்கொண்டே இருப்பது

தடுப்பதற்கு நிஜமாகவே வாய்ப்புள்ள நேரம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். நிகழ்ச்சி முடிந்து கொண்டாட்டம். ஒருத்தி அளவுக்கு மேல் குடித்துவிட்டாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள். ஒரு சீனியர், "நான் இவளை ரூமுக்குக் கொண்டுபோய் விடுறேன், நீங்க என்ஜாய் பண்ணுங்க" என்கிறார். அறையில் பத்துப் பேர். இரண்டு பேருக்காவது உள்ளுக்குள் உறுத்துகிறது. யாரும் பேசவில்லை. தவறாக நினைத்து அவமானப்படுத்திவிட்டால்?

குற்றம் சாட்டவே தேவையில்லை. "அண்ணா, நீங்க இருங்க. நானும் மாலாவும் இவளைக் கூட்டிட்டுப் போறோம். ரூம் கீ எங்கிட்டதான் இருக்கு." சாவி இல்லையென்றாலும் சொல்லலாம், இந்தப் பொய்க்கு பாவமில்லை. நல்லெண்ணத்தோடு கேட்டவர் என்றால் வேலை மிச்சம் என்று விட்டுவிடுவார். "இல்ல இல்ல, நானே போறேன்" என்று அடம்பிடித்தால் உறுத்தல் சரியானது என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது இன்னும் இருவரைக் கூப்பிடுங்கள். அவள் எழுப்பியும் எழவில்லை என்றால் ஆம்புலன்ஸ் எண் 995க்கு அழையுங்கள். விடுதியில் திட்டுவார்களே என்று பார்க்காதீர்கள்.

ஆள் பெரியவராக, பயமாக இருந்தால் நேரில் போகாமலே குறுக்கிடலாம். பானத்தைக் கொட்டுங்கள், அவளை வெளியே கூப்பிடுங்கள், விளக்கைப் போடுங்கள். வீரம் காட்டி அடிதடியில் இறங்குவது மட்டும் வேண்டாம். அடித்தவர் மேல் வழக்கு வரும், மற்றவர் அந்த இடைவெளியில் கைப்பேசியில் இருப்பதை அழித்துவிடுவார்.

"ஆதாரத்துக்காக" படத்தை அனுப்புவது

தோழியின் அந்தரங்கப் படம் ஒரு குழுவில் சுற்றுகிறது. பதறிப்போய் நாலு பேருக்கு அனுப்பி "இதப் பாரு, என்ன பண்றது" என்று கேட்கிறோம். அப்படி அனுப்புவதால் படம் பரவுவதுதான் நடக்கும். நாமும் சிக்கலில் மாட்டுவோம். குழுவின் பெயர், போட்டவரின் கணக்கு, தேதி, இணைப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு புகாருக்குக் கொடுத்தால் போதும்.

மிரட்டல் செய்திகளில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது: அருவருப்பில் உடனே அழித்து, பிளாக் செய்துவிடுகிறோம். டெலிகிராமில் எதிராளியால் இருபக்கமும் செய்தியை அழிக்க முடியும். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு பிளாக்.

முதல் கேள்வியைத் தவறாகக் கேட்பது

ஒரு தோழி உங்களிடம் வந்து சொல்கிறாள். பெரும்பாலும் நேராகச் சொல்லமாட்டாள். "ஒண்ணும் இல்ல, விடு" என்றுதான் ஆரம்பிப்பாள். நம் வாயில் தானாக வருவது: "அந்த நேரத்துல நீ ஏன் அங்க போன?" அக்கறையில் கேட்பதுதான், ஆனால் அதோடு அவள் கதவு சாத்திக்கொள்ளும். அடுத்த ஆளிடம் சொல்லவும் மாட்டாள்.

"நீ சொன்னது நல்லது. இப்ப பாதுகாப்பா இருக்கியா? எங்கயாவது அடிபட்டிருக்கா?" இவ்வளவு போதும். விவரத்தைத் தோண்ட வேண்டாம், அதைக் கேட்க முறையான ஆட்கள் இருக்கிறார்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மீறவேண்டி வரும்.

உடல்ரீதியான தாக்குதல் என்றால் நேரம் முக்கியம். குளிக்கவேண்டும் போலத்தான் இருக்கும், முடிந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், கருத்தடை அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காவல்துறையிடம் போனால் கண்டோன்மென்ட் காவல்துறை வளாகத்திலுள்ள ஒன்சேஃப் நிலையத்திலேயே மருத்துவப் பரிசோதனைக்கு வசதி உண்டு. அவசரச் சிகிச்சைப் பிரிவின் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதற்காகவே 2017இல் தொடங்கியது அது. குளித்துவிட்டாள் என்றால்? அப்போதும் போகலாம். தடயம் போய்விட்டதே என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்.

நாலு சுவருக்குள் பஞ்சாயத்து

சங்கத்தின் பெயர் கெட்டுவிடும், நிகழ்ச்சி அடுத்த மாதம் இருக்கிறது, இரண்டு பேரையும் உட்காரவைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லி முடித்துவிடலாம். இந்த யோசனையை முன்வைப்பவர் பெரும்பாலும் குழுவிலேயே நல்ல மனிதராக இருப்பார், அதுதான் கஷ்டம். தாக்கியவரோடு ஒரே மேசையில் உட்காரவைப்பதே அவளுக்கு இன்னொரு தண்டனை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவளுடையது. சங்கத்தலைவருக்கு அதில் ஓட்டு இல்லை.

பல்கலைக்கழகப் புகாரும் காவல்துறைப் புகாரும் தனித்தனிப் பாதை என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதலாவதில் இடைநீக்கம், வெளியேற்றம், அவளை அணுகக்கூடாது என்ற உத்தரவு போன்றவை கிடைக்கும். இரண்டாவதில் குற்றவியல் விசாரணை. ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் சொல்வதை நீங்கள் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டிய கட்டாயம் உண்டா?" 2020 அக்டோபரில் விரிவுரையாளர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, சட்டக் கடமை என்று சொல்லிப் பல்கலைக்கழகமே காவல்துறையில் புகார் கொடுத்தது. எவ்வளவு ரகசியம் காக்கப்படும் என்பதைப் பேசத் தொடங்குமுன் தெரிந்துகொள்வது அவளுடைய உரிமை.

பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான் நம் வீடுகளில் பெரிய முட்டுக்கட்டை. "நாளைக்கு யார் கட்டிப்பாங்க" என்று பாட்டி கேட்பதற்கு முன்பே அம்மா கேட்டுவிடுவார். பாலியல் குற்றப் புகார் கொடுத்த நேரத்திலிருந்தே பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. நீதிமன்றத்தில் மூடிய அறையில் சாட்சி சொல்லவும் வழியுண்டு. ஆகவே வாட்ஸ்அப்பில் "அந்தப் பொண்ணு நம்ம இன்னார் மகளாம்" என்று அனுப்புகிற மாமா, சித்தி யாராக இருந்தாலும் வம்போடு சேர்த்துக் குற்றத்தையும் அனுப்புகிறார்கள்.

திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ படிக்க வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பயம்: புகார் கொடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ? பாதிக்கப்பட்டவர் புகார் கொடுப்பது குற்றமில்லை. அந்தப் பயத்தைத் தூண்டிவிட்டு வாயடைப்பவர் யார் என்று மட்டும் கவனியுங்கள்.

பாதிக்கப்பட்டவர் பையன் என்றால் இதில் எதுவும் மாறாது. கேலி செய்யாதீர்கள். நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, இனி எங்கே என்று தயங்குபவருக்கு: சிங்கப்பூரில் குற்ற வழக்குகளுக்குக் காலக்கெடு இல்லை.

அழைக்க: உடனடி ஆபத்தில் காவல்துறை 999. தேசிய வன்முறை, பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்பு உதவி எண் 1800-777-0000, இரவும் பகலும். பெண்கள் உரிமை அமைப்பான அவேரின் பாலியல் தாக்குதல் பராமரிப்பு நிலையம் 6779 0282, வார நாள்களில் அலுவலக நேரத்தில். புகார் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்காதவர்களும் பேசலாம். தோழிக்காக என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களும் அழைக்கலாம்.