பாரசீக விலங்குத்தலைக் காப்புகள்: நம் கண் சறுக்கும் இடங்கள்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக ஒரு தங்கக் காப்பு இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் கொம்பும் இறக்கையும் வைத்த கிரிஃபின்கள் (கழுகு அலகு கொண்ட கற்பனை விலங்குகள்) ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அகாமனிசியப் பாரசீக அரசர்கள் காலத்து வேலை, கி.மு. 5-4ஆம் நூற்றாண்டு. அதன் ஜோடி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். படத்தைப் பார்த்ததும் “எவ்வளவு தங்கம்!” என்போம். அங்கேயே முதல் சறுக்கல்.

இறக்கையையும் உடம்பையும் உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன அறைகளாகக் குழிகள் தெரியும். அவை கீறல் வேலைப்பாடு அல்ல. கல்லும் வண்ணக் கண்ணாடியும் உட்கார்ந்திருந்த இடம். பதித்தவை அநேகமாக எல்லாமே போய்விட்டன. வீட்டில் கெம்பு உதிர்ந்த அட்டிகை இருந்தால் பத்தரிடம் கொண்டு ஓடுவோம். இங்கே மட்டும் உதிர்ந்த நிலையையே அழகு என்கிறோம்! முழு நிறம் தெரிய பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள, பாரசீகத் தலைநகர்களில் ஒன்றான சூசாவின் நகைகளைப் பார்க்க வேண்டும். 1901இல் ழாக் த மோர்கன் குழு தோண்டியெடுத்த வெண்கலச் சவப்பெட்டியில் இருந்தவை. சிங்கத்தலைக் கழுத்து வளையத்திலும் காப்புகளிலும் டர்க்காய்ஸும் லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லும் இன்னும் இருக்கின்றன.

கண்ணாடி என்றாலே கல் வாங்க வழியில்லாதவர் வைத்தது என்ற நினைப்பும் வேண்டாம். கி.மு. 425இல் ஏதென்ஸில் அரங்கேறிய, கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்றில், பாரசீகம் போய்வந்த தூதர்கள் கண்ணாடிக் கிண்ணத்திலும் பொன் கிண்ணத்திலும் குடிக்க வேண்டியதாயிற்று என்று அலுத்துக்கொள்வார்கள். இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன, கவனியுங்கள்.

காப்பு என்றதும் பெண் கையை நினைப்பது அடுத்த தவறு. பாரசீக ஆண்கள் போருக்கே இவற்றைப் போட்டுக்கொண்டு போனார்கள். கி.மு. 479இல் பாரசீகர் கிரேக்கரிடம் தோற்ற பிளாட்டியாப் போர் முடிந்ததும் ஸ்பார்ட்டாவின் அடிமைகள் பிணங்களிலிருந்து காப்பும் கழுத்து வளையமும் கழற்றி, எஜினாத் தீவுக்காரர்களிடம் பித்தளை விலைக்கு விற்றார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ்.

கிரிஃபினை யாளி என்று எழுதுவோரும் உண்டு. சாயல் இருக்கிறது, சரி. ஆனால் கழுகு அலகு யாளிக்கு ஏது?

“பாரசீக நகை” என்பதால் பாரசீகர் கைவேலை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. சூசா அரண்மனை பற்றிய பாரசீகப் பேரரசர் டேரியஸின் கல்வெட்டு கணக்காகவே சொல்கிறது: தங்கம் சார்டிஸிலிருந்தும் (இன்றைய துருக்கி) பாக்ட்ரியாவிலிருந்தும் (ஆப்கானிஸ்தான் பக்கம்), லாபிஸும் சூதுபவளமும் சோக்டியாவிலிருந்து (மத்திய ஆசியா), பொற்கொல்லர்கள் மீடியரும் எகிப்தியரும்.

அப்புறம், கிடைத்த இடம். ஈரானின் பசர்கடேயில் 1960களில் டேவிட் ஸ்ட்ரோனாக் குழு ஒரு பானைக்குள் கண்டெடுத்த ஆட்டுத்தலைக் காப்புகள் முறையான அகழாய்வில் வந்தவை. மேலே சொன்ன கிரிஃபின் காப்புகள் அப்படியல்ல. ஆக்ஸஸ் புதையல் எனப்படும் அந்தக் குவியல் 1880ஐ ஒட்டி மத்திய ஆசியாவின் அமு தரியா (பழைய பெயர் ஆக்ஸஸ்) ஆற்றங்கரையில் கிடைத்து, வணிகர் கைமாறி, பெரும்பகுதி ராவல்பிண்டி கடைத்தெருவுக்கு வந்தது. அங்கே போலிகளும் செய்து விற்றார்கள். ஆகவே “ஆக்ஸஸ்” என்ற பெயர் மட்டும் அத்தாட்சி ஆகாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதும் அப்படித்தான். துருக்கியின் உஷாக் அருங்காட்சியகத்தில், லிடியா (இன்றைய மேற்குத் துருக்கி) பாரசீக ஆட்சியில் இருந்த காலத்து, உடையில் குத்தும் பொன் ஊசி ஒன்று இருந்தது. இறக்கை முளைத்த கடற்குதிரை உருவம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திடமிருந்து வழக்காடி 1993இல் மீட்டது. 2006இல் பார்த்தால் பெட்டிக்குள் இருந்தது நகல். அசல் 2013இல்தான் ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்தது.