முதலெழுத்துகளுக்குள் மறைந்திருந்த மூதாட்டி

என் மனைவியின் ஆங்கிலேய மூதாதையரைத் தேடியபோது, 1851 கணக்கெடுப்பில் யார்க்‌ஷயர் வீடொன்றில் கணவனோடு இருந்த பெண், 1861 கணக்கெடுப்பில் காணாமற்போனார். பங்கின் (ஒரு தேவாலயத்தைச் சார்ந்த நிர்வாக வட்டாரத்தின்) அடக்கப் பதிவேட்டிலும், அந்த மாவட்டத்தின் இறப்புப் பதிவுகளிலும் அவர் பெயர் இல்லை. வேறு எழுத்துக்கூட்டல்களில் தேடியும் பயனில்லாமல் நாட்கள் வீணாயின.

கணவர் 1861-இல் மனைவியை இழந்தவர் என்றல்லாமல் மணமானவர் என்றே பதிவாகியிருந்ததை அதன் பிறகே கவனித்தேன். அக்காலக் கணக்கெடுப்புகளில் மனநலக் காப்பகங்களில் இருந்தோர் பலரும் பெயரின் முதலெழுத்துகளால் மட்டுமே குறிக்கப்பட்டனர். எனவே முழுப்பெயரால் தேடினால் அவர்கள் கிடைக்கமாட்டார்கள். 1818-இல் திறக்கப்பட்ட, யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டு மனநலக் காப்பகத்துக்கான கணக்கெடுப்புப் பக்கங்களில் முதலெழுத்து, வயது, பிறந்த ஊர் மூன்றும் பொருந்திய ஒருவர் இருந்தார். லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் 1846 முதல் உள்ள மனநலக் காப்பகச் சேர்க்கைப் பதிவேடு, முழுப்பெயரையும் சேர்ந்த நாளையும் இறந்த நாளையும் தந்து அதை உறுதிசெய்தது.

பலரும் கடந்துபோகும் விவரம், சேர்க்கைத் தாளில் செலவை ஏற்கும் பங்கின் பெயர். அது அவர் பிறந்த ஊருமல்ல, வாழ்ந்த ஊருமல்ல. வறியவரின் செலவை அவரவர்க்கு உரிய பங்கே ஏற்க வேண்டும் என்ற அக்கால ஏழைகள் சட்டப்படி, மனைவிக்குக் கணவனின் பங்கே உரியது. கணவனுக்கோ அது தந்தைவழியாகவும் வரக்கூடும். அந்தப் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்ததும், அதுவரை பிடிபடாதிருந்த கணவரின் பெற்றோர் பெயர்கள் கிடைத்துவிட்டன. பெரும் நிம்மதி.