முதலில் குப்பையை எடை போடுங்கள்

சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாமல் குடும்பம் நடத்த வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே நான் கடைக்குப் போனேன். மூங்கில் பல்துலக்கி, மரக் கரண்டிகள், கொட்டாங்கச்சிக் கிண்ணம், 'இயற்கை' என்று அச்சடித்த பாத்திரம் துலக்கும் திரவம் என 1,800 ரூபாய் செலவானது. திரவம் மட்டும் இணையத்தில் வாங்கியது. அது வந்த பெட்டிக்குள் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் இரண்டு முழத்துக்கு மடித்துத் திணித்திருந்தது. சமையலறையிலோ என் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் கரண்டிகள் பத்து இருந்தன. அவை இன்னும் முப்பது வருடம் உழைக்கும். யாரும் என்னைப்போலக் கடையிலிருந்து தொடங்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், மாமியார், நான். பால்கனி ஆறடிக்கு நான்கடி. மாடித்தோட்டம், சூரிய மின்தகடு எல்லாம் எங்களுக்குக் கைக்கெட்டாதவை. இந்த வீட்டுக்குள் செய்து பார்த்து, நிலைத்த விஷயங்களை மட்டுமே சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஏழு நாள் குப்பையை எடை போட்டோம். நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கொக்கித் தராசு போதும். தினமும் இரவு, ஈரமானது ஒரு பையில், உலர்ந்தது ஒரு பையில் என்று தொங்கவிட்டு, நாள்காட்டியின் ஓரத்தில் மகள் எழுதினாள். வாரக் கடைசியில் கூட்டினால் 7 கிலோ 400 கிராம். அதில் ஈரக்குப்பை மட்டும் 5 கிலோ 700. வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், கீரைத்தண்டு, முருங்கை ஈர்க்கு, பில்டரில் மிஞ்சிய காபித்தூள், மீந்துபோன சோறு. நான் வாங்கி வந்த மூங்கில் சாமான்களால் இதில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. உங்கள் வீட்டில் வேறு கணக்கு வரலாம். வெளியில் வாங்கிச் சாப்பிடும் வீட்டில் டப்பாக்கள்தான் கூடையை நிரப்பும். எது நிரப்புகிறதோ அதில் கை வையுங்கள்.

தென்சென்னைக் குப்பை நெடுங்காலமாகப் பெருங்குடிக்கும், வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கும் போய்க் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் கிடங்கு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது. ஈரக்குப்பை காற்றுப்படாமல் அடியில் அழுத்தப்பட்டு அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. எரியக்கூடிய வாயு அது. நாம் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு அனுப்பும் வெங்காயத் தோலும் அதில் சேர்த்திதான். அதனால் என் வீட்டில் முதல் வேலை அந்த 5 கிலோ 700-ஐ வாசல் தாண்டவிடாமல் செய்வது.

அதற்கு வேண்டியது இரண்டு மண்பானைகள். கொசப்பேட்டையில் வாங்கினேன். சுட்ட பானையில் வீட்டில் துளை போட்டால் விரிசல் விடும் என்பதால், சூளைக்குப் போகும் முன்பே அடியில் ஐந்தும் பக்கவாட்டில் எட்டும் துளைகள் இட்டுத் தரும்படி முன்கூட்டியே சொல்லிவைத்தேன். பெயிண்ட் வாளி இருந்தால் அதுவே போதும், துளை போட்டுக்கொள்ளுங்கள். மண்பானை ஈரத்தைத் தானே உறிஞ்சி வெளியே விடும் என்பது மட்டும்தான் வித்தியாசம். பானையை மூன்று செங்கல் மேல் உட்காரவைத்து, கீழே ஒரு பழைய தட்டை வைத்துவிடுங்கள்.

அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த இலை. அதன்மேல் செடித்தொட்டி மண் இரண்டு கைப்பிடி, புளித்த மோர் அரை டம்ளர். பிறகு அன்றைய தோல்களைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதைப்போல இரண்டு பங்கு காய்ந்த இலையை நொறுக்கி மூடுங்கள். ஒவ்வொரு நாளும் இதே வேலை. மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் அடிவரை கிளறிவிட வேண்டும். காபித்தூளும் தேயிலையும் நன்றாக மக்கும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். எண்ணெய் ஊறிய குழம்பு, மீன் முள், பால், தயிர்சாதம் வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் அவை நாற்றத்தையும் எலியையும் கூட்டிவரும். மீந்த சோற்றுக்கு எங்கள் வீட்டில் வழி ஒன்றுதான்: அரிசியை அளந்து வைப்பது. ஒரு வாரம் எடை போட்டதும் மாமியார் தாமாகவே அரை ஆழாக்கைக் குறைத்துவிட்டார்.

கிளறும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் அதிகம், இலை போடுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்து கொட்டினால் வறட்சி, நீர் தெளியுங்கள். கொழுக்கட்டை மாவுபோலப் பிடிபட்டு, தட்டினால் உடைந்தால் பதம் சரி. இந்த ஒரு சோதனை தெரிந்தால் வேறு பாடம் தேவையில்லை.

மூன்றாவது வாரம் எங்கள் பானையில் புழு வைத்தது. சாம்பல் நிறத்தில், அரை விரல் நீளத்தில், தட்டையாக நெளிந்தன. மாமியார் பார்த்துவிட்டு, "இதைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வா" என்றார். அவர் மேல் தவறில்லை, எனக்கும் உடம்பு கூசியது. அவை கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். இந்த ஈ நோய் பரப்புவதில்லை, வீட்டுக்குள் வந்து உணவில் உட்காருவதுமில்லை. புழுக்களோ கழிவை நம்மைவிட வேகமாகத் தின்று தீர்க்கின்றன. பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் இன்னும் ஒரு அடுக்கு இலையைப் போட்டு மூடிவிடுங்கள். அன்று நான் கொட்டவில்லை. ஒன்றரை மாதத்தில் பானை நிரம்பியது. அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது பானையைத் தொடங்கினோம். இன்னொரு ஒன்றரை மாதம் கழித்து முதல் பானையைத் திறந்தபோது கறுப்பாக, மழை பெய்த மண்ணின் வாசனையுடன் இருந்தது. பால்கனித் தொட்டியில் குச்சியாக நின்ற கறிவேப்பிலைக்கு இரண்டு கைப்பிடி வைத்தேன். முதல் துளிரை மாமியார்தான் பார்த்தார். இப்போது கிளறுகிற வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

உலர்ந்த குப்பையில் பால் கவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பால் கவருக்கு அதில் விலக்கு உண்டு. நாளுக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 730 கவர்கள் ஒரே வீட்டில். நாம் வழக்கமாக மூலையைக் கத்தரித்துத் துண்டாக்கிவிடுகிறோம். அந்தச் சுண்டுவிரல் நகமளவு முக்கோணத்தை யாரும் பொறுக்க மாட்டார்கள். தொட்டி வழியாகச் சாக்கடைக்குத்தான் போகும். கத்தரிக்கோலை முழுக்க ஓட்டாமல், மூலை ஒரு நூலளவு ஒட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்துங்கள். பாலை ஊற்றியதும் கவருக்குள் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். கவரைத் தலைகீழாகக் கொடியில் கிளிப்பு போட்டு மாட்டுங்கள். காய்ந்ததைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். கழுவாத கவரை வாங்க மாட்டார்கள், ஒன்று நாறினாலும் மூட்டையே வீண்.

பை விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது நிறைய பேர் புதுப் பைகளை வாங்கிக் குவித்தார்கள். பருத்தி விளைவிக்கத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். பழைய வேட்டியிலும் கால்சட்டைத் துணியிலும் தைத்த பைகளே போதும். பை வீட்டில் இருந்து பயனில்லை, ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இட்லி மாவுக்கும் மீனுக்கும் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. முதல் இரண்டு முறை கடைக்காரர் தராசில் பாத்திரத்தின் எடையைக் கழிக்கச் சலித்துக்கொள்வார். மூன்றாம் முறை அவரே கையை நீட்டி வாங்கிக்கொள்வார். இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கி எறியாதீர்கள். சூடான பொருளை அவற்றில் வைக்காமல், பருப்பு, ஆணி, நூல் போட்டு உடையும்வரை பயன்படுத்துங்கள்.

பாத்திரம் துலக்குவதை நான் மாற்றியதற்குக் காரணம் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் விரல்கள். நான்கு வீட்டில் தேய்த்துத் தேய்த்து, சோப்புக் கட்டியின் காரத்தில் விரலிடுக்குகள் வெடித்திருந்தன. நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கினேன். பதினைந்து கொட்டைகளை இரவில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விதையை நீக்கி, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் கரைசல் கிடைக்கும். வெளியில் வைத்தால் இரண்டு நாளில் கெட்டுவிடும், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம். அக்கா முதல் நாள், "நுரையே இல்லையே அம்மா, அழுக்குப் போனதா என்று எனக்கே தெரியவில்லை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு இது தனியாகப் போதாது. சட்டியை முதலில் அரிசி மாவாலோ கடலை மாவாலோ துடைத்தெடுத்துவிட்டு, பிறகு கரைசலும் வெந்நீரும் விட்டால் பிசுக்கு போகிறது. தேய்ப்பதற்குக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு, அடிப்பிடித்ததற்குத் தேங்காய் நார். பச்சை ஸ்பாஞ்சு தேயத்தேய நுண்பிளாஸ்டிக்காகச் சாக்கடையில் கலக்கிறது, நார் மக்கிவிடுகிறது. பித்தளைக்குப் புளியும் உப்பும். இரண்டு மாதத்தில் அக்காவின் விரல் வெடிப்பு ஆறியது. இப்போது தன் வீட்டுக்கும் ஒரு பாட்டில் எடுத்துப்போகிறார்.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் அற்புதமாகச் சுத்தம் செய்யும் என்று பலரும் சொல்கிறார்கள். நம்ப வேண்டாம். ஒன்று காரம், மற்றது அமிலம். சேர்ந்ததும் பொங்கி, ஒன்றையொன்று முறித்துவிட்டு, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். வினிகரையும் எலுமிச்சையையும் பளிங்குத் தரையில் விடாதீர்கள், அரித்துவிடும். பிளீச்சிங் பவுடருடன் எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.

தண்ணீரைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மாதங்களில் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது பழகியவை இரண்டு எங்கள் வீட்டில் இன்றும் தொடர்கின்றன. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயை வாளியில் விட்டு, அந்த நீரில் தரை துடைக்கிறோம், பாத்திரத்தின் முதல் அலசலையும் முடிக்கிறோம். உப்பு கூடியிருக்கும் என்பதால் செடிக்கு அதை ஊற்றுவதில்லை. செடிக்கு அரிசி களைந்த கழுநீர், அது இரண்டாவது பழக்கம்.

எரிவாயுவுக்கு ஒரே வார்த்தை: பருப்பை அரை மணி நேரம் ஊறவையுங்கள், குக்கரில் ஆவி வந்ததும் தீயைக் குறையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் சேர்த்துவைக்க வேண்டியது காய்ந்த இலைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்கறித் தோலே நீர்விடும், பானை சொதசொதக்கும், தெருவிலோ ஓர் உலர்ந்த இலைகூட இருக்காது. முதல் வருடம் நவம்பரில் நான் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டுச் சமாளித்தேன். மாசி, பங்குனியில் எங்கள் தெருப் புங்கை மரங்கள் இலையை உதிர்க்கும். காலை ஆறரைக்குத் தெரு பெருக்கும் அம்மாக்கள் அதைக் குவித்து வைத்திருப்பார்கள். கேட்டால் சந்தோஷமாகத் தருகிறார்கள், அவர்களுக்கும் சுமை குறைகிறது. பிளாஸ்டிக், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பொறுக்கிப் பார்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, 25 கிலோ அரிசிச் சாக்கில் மிதித்து மிதித்து அடையுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு மூன்று சாக்கு வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைத்தாலும் நனையாத இடமாக இருக்கட்டும்.