மழைக்காற்றில் லேக் டிஸ்ட்ரிக்ட்: ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் சைக்கிள்

அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் இருக்கும் கெசிக் ஊருக்குப் போகிறீர்களா? மலை உச்சிக்கான வானிலையைப் பாருங்கள், ஊருக்கானதை அல்ல. கீழே வெறும் தூறலாக இருக்கும்போதே 931 மீட்டர் ஸ்கிடா மலை உச்சியில் காற்று ஆளை நிற்கவிடாது. காற்று குறைவான நாளில் மலையில் ஓடுங்கள், மற்ற நாளில் வின்லாட்டர் காட்டுக்குள் சைக்கிள். புயல் எச்சரிக்கை என்றால் இரண்டும் வேண்டாம், மரம் விழும்.

மழைக்கோட்டு, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில் எல்லாம் கட்டாயம், போனை மட்டும் நம்பாதீர்கள், ஈர விரலுக்குத் திரை ஒழுங்காக வேலை செய்யாது. ஆபத்து என்றால் நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள்.

சைக்கிளுக்கு டயர் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், பிடிப்பு கூடும். ஈர வேர் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. அப்புறம், அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கோடைகால நேரம் முடிந்து கடிகாரம் 1 மணி நேரம் பின்னால் போகும், சீக்கிரமே இருட்டிவிடும், ஹெட்லைட் எடுத்துக்கொள்ளுங்கள்.