எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு க்ளெய்ம் மறுத்துவிட்டார்களா? பதில் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

கொளத்தூரில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஒருநாள் போனை நீட்டி, ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஒரு மெயிலைக் காட்டினார். இரண்டே வரி. உடல் பருமனுக்கான சிகிச்சை பாலிசியில் வராது, ஆகவே கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டுவது) மறுக்கப்படுகிறது. கீழே 'எக்ஸ்க்ளூஷன் 06' என்று ஒரு எண். அன்று ராத்திரியே அக்கா மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினார். முட்டிவலி, மாடிப்படி ஏற முடியாதது, கல்யாண வீடுகளில் காதில் விழுந்த பேச்சு, வருடம் தவறாமல் கட்டிய பிரீமியம். எல்லாம் உண்மை. திரும்பி வந்தது அதே இரண்டு வரிதான்.

பலரும் முதலில் செய்யும் தவறு இது. மறுப்புக்குக் காரணமாகச் சொன்ன ஷரத்தை எடுத்துப் படிக்காமலே பதில் எழுத உட்கார்ந்துவிடுவது. அந்த 06-ஆம் ஷரத்து கம்பெனி இஷ்டத்துக்கு எழுதியது இல்லை. இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2019-ல் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம். 'விலக்கு' என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பவை நிபந்தனைகள். டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 40 இல்லை, 35-ஐத் தொட்டுவிட்டது என்றால் இன்னும் இரண்டு வேண்டும். பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக் குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது), கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஆபரேஷன் இல்லாத வழிகளில் முயன்றும் எடை குறையாமல் போயிருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் அந்த விலக்கு உங்களைக் கட்டுப்படுத்தாது.

கவனித்தீர்களா, அந்தப் பட்டியலில் முட்டிவலி இல்லை. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இல்லை. பிபி இல்லை. ஆனால் டாக்டர் கொடுக்கும் கடிதத்தைப் பிரித்தால் பெரும்பாலும் இவைதான் இருக்கும். அவர் மேல் குற்றமில்லை. நோயாளி எதைச் சொல்லி அழுதாரோ அதை எழுதினார். 'சர்ஜனே எலிஜிபிள் என்று சொல்லிவிட்டாரே' என்று வாதாடுவதும் எடுபடாது. 2022-ல் வந்த சர்வதேச அறுவை நிபுணர்களின் வழிகாட்டுதல்படி பிஎம்ஐ 35 இருந்தாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், ஆபரேஷன் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்கிறது அது. டாக்டர் பேசுவது அந்தக் கணக்கை. பாலிசியில் இருப்பது வேறு கணக்கு. (இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்று எனக்கும் தோன்றும். ஆனால் மேல்முறையீட்டில் அதை எழுதிப் பயனில்லை.) ஷரத்தின் ஒரு நகலை டாக்டர் கையில் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் பதில் வருகிற மாதிரி கடிதம் கேளுங்கள்.

அப்புறம், உயரம். இதை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அக்காவின் கேஸ் ஷீட்டில் உயரம் 166 செ.மீ., எடை 94 கிலோ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். பிஎம்ஐ 34.1. அதாவது 35-க்குக் கீழே, கதை முடிந்தது. 'செருப்பைக் கழற்றினீர்களா?' என்று கேட்டேன். ஹீல்ஸோடுதான் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். வெறுங்காலில் 163. பிஎம்ஐ 35.4. மூன்று செ.மீ. ஹீல்ஸில் போகவிருந்தது சில லட்சம் ரூபாய். இதைச் சரிசெய்வதிலும் ஒரு தவறு செய்ய வாய்ப்பு உண்டு. பழைய தாளில் அடித்துத் திருத்தி வாங்கிவிடாதீர்கள். அது மோசடி மாதிரி தெரியும். ஆபரேஷனுக்கு முன்பே மறுபடி அளந்து, முதல் அளவு ஏன் மாறியது என்று தேதி, கையெழுத்து, முத்திரையோடு டாக்டரிடம் தனிக் கடிதமாக வாங்க வேண்டும்.

சர்க்கரை 'கட்டுக்குள் இல்லை' என்பதற்கு ஒரே ஒரு ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட்டை வைத்தால் போதாது. மாத்திரை ஏறிக்கொண்டே போன சீட்டுகளும், அப்படியும் இறங்காத ரிப்போர்ட்டுகளும் தேதி வரிசையில் இருக்க வேண்டும். குறட்டை என்றால் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட். அதில் ஏஹெச்ஐ (தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண்) 30 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் 'கடுமையான' என்ற சொல் பொருந்தும். பட்டினி கிடந்ததையும் வாக்கிங் போனதையும் வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். டயட்டீஷியன் சீட்டு, வாட்ஸப்பில் வந்த டயட் சார்ட், ஜிம் ரசீது, எடை குறித்த பழைய ஓபி சீட்டு எல்லாவற்றையும் தேடி எடுங்கள். ஆபரேஷன் முடிந்தபின் இவற்றைத் திரட்டுவது பெரும்பாடு.

கேஷ்லெஸ் மறுத்தால் க்ளெய்மே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. சொந்தப் பணம் கட்டி ஆபரேஷன் செய்துகொண்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். 2024 விதிகளின்படி, கம்பெனியின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்பாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. எந்த ஷரத்தின்படி நிராகரிக்கிறார்கள் என்றும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆகவே 'எந்த நிபந்தனை எனக்குப் பொருந்தவில்லை?' என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுப்புக்குக் காரணம் 06 இல்லாமல் வெயிட்டிங் பீரியடாகவோ (பாலிசி எடுத்தபின் சில நோய்களுக்கு க்ளெய்ம் கேட்கக் காத்திருக்க வேண்டிய காலம்), சர்க்கரையை முதலில் சொல்லாமல் மறைத்ததாகவோ இருந்தால் பிஎம்ஐ பற்றிப் பேசி லாபமில்லை. மறைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. பாலிசி இடைவெளியின்றி 60 மாதம் ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

சரி, யாரிடம் முறையிடுவது? கஸ்டமர் கேரில் பத்து முறை பேசினாலும் அது புகார் ஆகாது. ஆஸ்பத்திரியில் டிபிஏ (கம்பெனிக்காக க்ளெய்ம் வேலை பார்க்கும் இடைநிலை நிறுவனம்) டெஸ்க் பையனிடம் சண்டை போட்டாலும் ஆகாது, பாவம் அவன் தபால்காரன் மாதிரி. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார் தளத்திலும் பதியலாம், 155255-இல் கூப்பிட்டும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், பாலிசிதாரர் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்தான். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது, 50 லட்சம் வரை கேட்கலாம். கம்பெனி கடைசியாக மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கோபத்தில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டு இங்கே வந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டில் ஒன்றுதான்.

அக்கா அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துவிட்டு ஒரே பக்கம் எழுதினார். இடப்பக்கம் ஷரத்தின் நிபந்தனை, வலப்பக்கம் அதற்கான ரிப்போர்ட், பக்க எண்ணோடு. குறைதீர் அதிகாரி மட்டத்திலேயே முடிந்தது, ஆம்பட்ஸ்மன் வரை போகவில்லை. அந்தப் பக்கத்தின் கடைசியில் முட்டிவலி பற்றி ஒரு வரி இருந்தது. தேவையில்லை என்றேன். 'இருக்கட்டும்டா' என்று விட்டுவிட்டார்.