பிள்ளைகளிடம் உடலைப் பற்றி எப்போது, எப்படிப் பேசுவது: மும்பைத் தமிழ்ப் பெற்றோருக்கு

சொல்லித்தரலாமா வேண்டாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்கிறது. லோக்கல் ட்ரெயின் பெட்டியில் ஒட்டியிருக்கும் 'குப்த ரோக்' (அந்தரங்க நோய்) வைத்திய நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படிக்க ஏழு வயது போதும். மிச்சத்தைப் போன் காட்டிவிடும். அதனால் முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள். உட்காரவைத்து ஒரேநாளில் நடத்துகிற பாடமாக்கினால் இரண்டு பேருக்கும் வாய் வராது. கேட்டபோது, கேட்ட அளவுக்கு, இரண்டு மூன்று வாக்கியம் போதும்.

மூன்று வயதிலேயே தொடங்கலாம். குளிப்பாட்டும்போது கை, கால் என்று சொல்லும் அதே குரலில் ஆண்குறி, பெண்குறி, மலவாய், மார்பு என்று பெயர் சொல்லுங்கள். 'ஷேம் ஷேம்' வேண்டாம். வெட்கப்படப் பழகிய குழந்தை எரிச்சல், அரிப்பு என்றாலும் சொல்லாது, யாராவது தொட்டாலும் சொல்லாது.

தாராவி, ஆன்டாப் ஹில் பக்கம் பல வீடுகள் ஒற்றை அறைதான். மோரிக்கு, அதாவது அறை மூலையிலுள்ள குளிக்கும் இடத்துக்குக், குறுக்கே ஒரு கயிறும் பழைய புடவையும் கட்டினால் மறைப்பு ஆயிற்று. ஆறேழு வயதில் தானே குளிக்கப் பழக்குங்கள். பொதுக் கழிப்பறைக்குச் சின்னப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள், பகலிலும். தொடும் விதியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "ஜட்டி மறைக்கிற இடத்தை யாரும் தொடக்கூடாது. டாக்டர் பார்க்கணும்னா அம்மாவோ அப்பாவோ பக்கத்துல இருப்போம். 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு எவர் சொன்னாலும் அதை எங்ககிட்ட வந்து சொல்லு." ஊரிலிருந்து வந்த மாமாவின் மடியில் உட்கார மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தப்பு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். மறுக்கும் பழக்கம் வீட்டில்தான் வரவேண்டும்.

"பாப்பா எப்படி வந்துச்சு?" என்று கேட்டால், "அம்மா உடம்புல சின்ன முட்டை இருக்கு, அப்பா உடம்புல விந்தணு இருக்கு. ரெண்டும் சேர்ந்தா கருப்பைக்குள்ள பாப்பா வளரும்" என்றால் ஐந்து வயதுக்குப் போதும். அது எப்படிச் சேரும் என்று எட்டு, ஒன்பது வயதில் கேட்கும். ஆணுறுப்பு பெண்ணுறுப்புக்குள் போகும்போது விந்தணு உள்ளே போகிறது, இது பெரியவர்கள் இருவரும் சம்மதித்துச் செய்வது என்று நேராகச் சொல்லுங்கள். 'ஆஸ்பத்திரியில வாங்கினோம்' என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி உங்களிடம் வராது.

பெண்ணுக்கு 8 முதல் 13 வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கும். பீரியட்ஸ் அதற்கு இரண்டு, மூன்று வருடம் கழித்து வரும். மார்பு அரும்பியதுமே பேசிவிடுங்கள். பள்ளிப் பையில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, சுருட்டிப்போடச் செய்தித்தாள் வையுங்கள். பேடை எப்படி ஒட்டுவது என்று ஒருமுறை ஜட்டியில் ஒட்டிக்காட்டுங்கள். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதல் ஒன்றிரண்டு வருடம் தேதி தவறுவது சாதாரணம். ஏழு நாளுக்குமேல் நீடித்தாலோ, மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். சடங்கு செய்வதும் செய்யாததும் உங்கள் வீட்டு விஷயம். தீட்டு என்று மூலையில் உட்காரவைப்பது மட்டும் கூடாது.

பையனை நாம் மறந்துவிடுகிறோம். தூக்கத்தில் விந்து வெளியேறும், அது நோயல்ல, பலமும் குறையாது என்று 11 வயதுக்குள் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அந்த ட்ரெயின் நோட்டீஸ்காரர்கள்தான் அவனுக்கு டாக்டர். பீரியட்ஸ் பற்றி அவனுக்கும் தெரியட்டும்.

பிள்ளை போனில் ஆபாசப் படம் பார்ப்பதைக் கண்டால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்தமுறை ஒளிந்து பார்க்கும். அதில் காட்டுவது நடிப்பு, நிஜத்தில் ஒருவர் வேண்டாமென்றால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

யாரோ தொட்டார் என்று பிள்ளை சொன்னால் "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பில்ல" என்பதுதான் முதல் வார்த்தை. துருவித்துருவிக் கேட்காதீர்கள். சம்பவம் இப்போது நடந்ததென்றால் குளிப்பாட்டாமல், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அவசர உதவி எண் 112க்கோ அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். அப்போது போலீஸ் சீருடையில் இருக்கக்கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பிள்ளைக்குத் தமிழில்தான் சொல்ல வருகிறதென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அந்தச் சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது.